வெயிற் பூச்சும் வளரும் பிள்ளைகளும்

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு ஒன்பது பத்து வயதாகும்போது, மூளையின் அடியில் உறங்கிக் கிடந்த பரிவகக்கீழ் விட்டுவிட்டு ஓர் ஓமோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் தூண்டப்பட்ட கபச்சுரப்பி, தன் ஓமோன்களைச் சூலகத்துக்கோ விதைக்கோ அனுப்புகிறது. அங்கு சுரப்பவை குருதிவழியே மூளைக்குத் திரும்பி, ‘போதும்’ அல்லது ‘இன்னும்’ என்று அறிவிக்கின்றன. பூப்பு இந்தப் போக்குவரத்திலேயே தங்கியுள்ளது.

வெயிலுக்குப் பூசும் சில களிம்புகளிலுள்ள ஒட்சிபென்சோன் இங்கே குறுக்கிடுமோ என்பதே கேள்வி. ஆய்வுகூடத்தில் அது பெண் ஓமோனாகிய ஈஸ்திரஜனைப் போல் மிக மெலிதாகத் தொழிற்படுகிறது. தோலோடு நின்றுவிடுவதுமில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் நான்கு வகைப் பூச்சுகளை வளர்ந்தோர் 24 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் நாளிலேயே அது குருதியிற் கலந்திருந்தது.

குருதியில் இருப்பது வேறு, கேடு விளைப்பது வேறு. பிள்ளைகளின் பூப்பை இது மாற்றியதாக நிறுவப்படவில்லை. வெயில் தோலுக்குச் செய்யும் கேடோ ஐயத்துக்கு இடமற்றது. பூச்சைக் கைவிடும்படி அந்நிருவாகமும் சொல்லவில்லை. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உடற்பூச்சுகளில் இதன் உச்ச அளவை 2.2 சதவீதமாகக் குறைத்தது.

ஆகவே வாங்குமுன் போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். நாகவொட்சைட்டு கொண்டவை பெரும்பாலும் தோலின் மேலேயே தங்குபவை. (விலையைக் கேட்டால் மலைப்புத்தான்!) மைதானத்துக்குப் போகும் பிள்ளைக்கு நீளக்கைச் சட்டையும் தொப்பியும் கொடுத்துவிட்டு, முகத்துக்கும் கழுத்துக்கும் மாத்திரம் பூசிவிடலாம்.