எந்த ராட்சதனை முதலில் பார்ப்பது?

அணுகுண்டுக் காலத்து ராட்சத விலங்குப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்? தமிழர் கைபட்ட படம் ஏதும் உண்டா? – வாசகர், குளுவாங், ஜொகூர்

இஷிரோ ஹோண்டா இயக்கி 1954 நவம்பரில் வெளிவந்த ஜப்பானிய மூலப்படமான ‘கோஜிரா’வில் தொடங்குவதே சரி. அதே ஆண்டு மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது பொழிந்த துயரம் ஆறுமுன்னரே உருவான படம் அது. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியைக் குழந்தை ஒன்றின் மீது பிடித்துப் பார்த்துவிட்டு, அறிஞர் ஒருவர் பேசாமல் தலையசைக்கும் காட்சி, நகரம் எரியும் காட்சிகளை விடவும் நெஞ்சை அழுத்துவது. ரேமண்ட் பர் நடித்த காட்சிகளைச் சேர்த்து 1956இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட வடிவம் அந்த வேதனையைப் பெரிதும் குறைத்துவிட்டதால், அதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்து, பொம்மையை இம்மியளவு நகர்த்தி நகர்த்திச் சட்டகம் சட்டகமாகப் படம்பிடிக்கும் முறையில் ரே ஹாரிஹவுசன் உயிரூட்டிய ‘தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்’ (1953) படத்தைப் பார்க்கலாம். கோஜிராவோ, ரப்பர் உடைக்குள் மனிதர் நடந்து உருவானது. ராட்சத எறும்புகளின் ‘தெம்!’ (1954) விறுவிறுப்பில் குறையாதது.

தமிழர் கைபட்ட படமும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம், வில்லியம் பெர்க்குடன் கூட்டாகத் தயாரித்த ‘தி ஜங்கிள்’ (1952) ‘காடு’ என்று தமிழிலும் வந்தது. அழிந்துபோன கம்பளி யானைகள் அதில் மீண்டும் தோன்றுகின்றன. அணுகுண்டு இல்லையெனினும், கோஜிராவுக்கு இரண்டாண்டு மூத்தது.