“வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்”
குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களைச் செவிலியர் அடையாளம் காணவும் துணைநிற்கவும்

கேஷுவாலிட்டியில் ஓராண்டு டூட்டி பார்த்த எந்தச் செவிலியரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார். கண்ணிமை வீங்கியிருக்கும், உதடு கிழிந்திருக்கும். நாம் கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொல்வார்: “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா.” அந்தப் பெண் தலையாட்டுவார். நாமும் காயத்தைச் சுத்தம் செய்து, டி.டி. ஊசி போட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடுவோம்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்திய அளவில் இது 29.3 சதவீதம். இவர்களில் பலர் காவல் நிலையப் படியை மிதிக்கவே மாட்டார்கள். ஆனால் காய்ச்சலுக்கும் கர்ப்பப் பரிசோதனைக்கும் குழந்தையின் தடுப்பூசிக்கும் நம்மிடம் வருவார்கள். அவர்களுடைய குடும்பத்தைச் சரிசெய்வது நம் வேலை அல்ல. தனியாகக் கேட்பது, சொன்னதை நம்புவது, சரியாக எழுதிவைப்பது, வழியைக் காட்டுவது ஆகிய நான்கும் நம் வேலை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• காயமும் காரணமும் பொருந்தாமை. வழுக்கி விழுபவருக்குப் பெரும்பாலும் உள்ளங்கை, முழங்கை, முழங்கால், இடுப்பில் அடிபடும். கழுத்து, மார்பு, வயிறு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் காயம் இருந்தால் யோசியுங்கள். முன்கையின் வெளிப்புறத்தில் உள்ள கன்றல், அடியைத் தடுக்கக் கையை உயர்த்தியதால் வந்திருக்கலாம்.

• புதுக் காயத்தோடு பழைய தழும்புகள். அடிபட்டு இரண்டு நாள் கழித்து வருவது.

• கூட வந்தவர் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்வது, ஒரு நிமிடம்கூட நகர மறுப்பது.

• காயமே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் தலைவலி, அடிவயிற்று வலி, தூக்கமின்மை. தற்கொலை முயற்சியோடு கொண்டுவரப்படும் ஒவ்வொரு பெண்ணிடமும் வீட்டு நிலையைக் கேட்டே ஆக வேண்டும்.

• கர்ப்பிணி என்றால், தாமதமான பதிவு, விட்டுப்போன பரிசோதனைகள், வயிற்றில் கன்றல்.

• சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, மருந்துக்குக்கூடப் பணம் தராதது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் உடல், பாலியல் வன்முறையோடு வார்த்தை, மன, பொருளாதார வன்கொடுமைகளையும் சேர்த்தே சொல்கிறது.

இவற்றில் ஒன்றைப் பார்த்த உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். கேட்பதற்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

1. தனிமையை உண்டாக்குங்கள். “எடை பார்க்கணும்”, “யூரின் டெஸ்ட் எடுக்கணும்”, “ஈ.சி.ஜி. ரூமுக்கு லேடீஸ் மட்டும்தான்” என்று இயல்பாகச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஆண் செவிலியர் என்றால், அந்தப் பெண் விரும்பினால் சக பெண் செவிலியரிடம் ஒப்படையுங்கள்.

2. நேராக, மென்மையாகக் கேளுங்கள். “இந்த மாதிரிக் காயம் சில நேரம் யாராவது அடிச்சா வரும். வீட்ல யாராவது உங்களை அடிக்கிறாங்களாம்மா? பயமா இருக்கா?” சுற்றி வளைத்தால் அவரும் சுற்றி வளைத்தே பதில் சொல்வார்.

3. நம்புவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “நீங்க சொல்றதை நம்புறேன். இது உங்க தப்பு இல்லை. அடிக்க யாருக்கும் உரிமை இல்லை.” இதை அவரிடம் முதல்முறையாகச் சொல்பவர் நீங்களாகவே இருக்கலாம்.

4. கழுத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். “கழுத்தை நெரிச்சாங்களா?” என்று நாம் கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை. வெளியே தடயமே இல்லாமலும் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மியிருந்தாலோ, விழுங்க வலித்தாலோ, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மயங்கியதாகவோ சிறுநீர் பிரிந்ததாகவோ சொன்னாலோ உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். பல மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலும் பக்கவாதமும் வரக்கூடும்.

5. ஆபத்தின் அளவை அறியுங்கள். அடி முன்பைவிட அதிகமாகிறதா? கத்தி, அரிவாள் எடுத்தாரா? கொன்றுவிடுவேன் என்றாரா? கர்ப்பமாக இருக்கும்போதும் அடித்தாரா? இன்று வீடு திரும்பப் பயமா? ‘ஆம்’ கூடக் கூட, டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன் மருத்துவரோடும் சமூகப் பணியாளரோடும் கட்டாயம் பேசுங்கள்.

6. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “நேற்று இரவு 10 மணிக்குக் கணவர் பெல்ட்டால் அடித்ததாக நோயாளி கூறுகிறார்” என்பது போல. காயத்தின் இடம், நீளம், அகலம், வடிவம், நிறம், நீங்கள் பார்த்த நேரம், கூட வந்தவர் யார் என எல்லாம் நர்ஸ் நோட்ஸில் இருக்கட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் அவருக்காகப் பேசப்போவது இந்தத் தாளாக இருக்கலாம்.

7. வழிகளைச் சொல்லுங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், ஆலோசனை, சட்ட உதவி மூன்றும் ஓரிடத்தில் கிடைக்கும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

8. சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பதை அறிந்துகொள்ளுங்கள். புகார் பதிவாகவில்லை என்ற காரணத்துக்காக மருத்துவமனை சிகிச்சையை மறுக்க முடியாது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தருபவர் மீது அதற்காக வழக்குத் தொடுக்க முடியாது. 18 வயதுக்குக் குறைந்த பெண் கர்ப்பமாக வந்தால், தாலி கட்டியிருந்தாலும் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம்.

செய்யக்கூடாதவை

1. கூட வந்தவர் முன்னால் கேட்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெற்றியில் ஏழு தையல் போட்ட ஒரு பெண்ணிடம், மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே “யாரும்மா அடிச்சாங்க?” என்று கேட்டுவிட்டேன். “யாரும் இல்லை” என்றார். தையல் பிரிக்க அவர் வரவே இல்லை. அந்தக் கேள்வியால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

2. கணவரையோ குழந்தையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வடமாநிலத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. மொழி தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

3. “நீ என்ன பண்ணினே?”, “குடிச்சா அப்படித்தான்”, “குழந்தைக்காகப் பொறுத்துக்கோ” என்று சொல்லாதீர்கள். வீட்டிலும் தெருவிலும் கேட்டுச் சலித்த அதே வார்த்தைகளைச் சிகிச்சைக்கு வந்த இடத்திலும் அவர் கேட்க வேண்டாம்.

4. கணவரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து பேசாதீர்கள். நம் முன்னால் தலைகுனிந்து நிற்பவர், வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு அதற்கும் சேர்த்து அடிப்பார்.

5. “இன்னைக்கே விட்டுட்டு வந்துடு” என்று நெருக்காதீர்கள். பிரிந்து போகும் நேரம்தான் உயிருக்கு ஆபத்து கூடும் நேரம். எங்கே போவது, குழந்தைகளை யார் பார்ப்பது, ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக்கை எங்கே வைப்பது என்று திட்டமிட அவருக்கு நேரம் வேண்டும்.

6. உதவி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் திணிக்காதீர்கள். ஓ.பி. சீட்டைக் கணவர் பார்ப்பார், செல்போனையும் பார்ப்பார். 181 என்பது மூன்றே இலக்கம், மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். அப்போதே பேச விரும்பினால் வார்டு போனைக் கொடுங்கள்.

7. ‘குடும்பத் தகராறு’ என்று எழுதி முடிக்காதீர்கள். ‘மூன்று நாள் பழைய கன்றல்’ என்றும் எழுதாதீர்கள். நிறத்தை வைத்துக் கன்றலின் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. நிறத்தை மட்டும் எழுதுங்கள்.

8. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காயத்தைப் பொறுத்து மருத்துவர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு போலீஸ் அவுட்போஸ்டுக்குத் தகவல் தர வேண்டியிருக்கலாம். அதை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதே சமயம் அவர் கதை டீக்கடைப் பேச்சாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ ஆகக்கூடாது.

9. “திரும்பவும் அவன்கிட்டயே போயிட்டா” என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பணமும் போக்கிடமும் இல்லாமல், பிள்ளைகளை நினைத்துத் திரும்பிப் போகிறார். அடுத்த முறை வரும்போது, முதல்முறை கேட்ட அதே அக்கறையோடு கேளுங்கள்.

வார்டு சுவரிலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டிவைக்க

181 – பெண்கள் உதவி எண்
112 – அவசர உதவி
1098 – குழந்தைகள் உதவி எண்
15100 – இலவசச் சட்ட உதவி

செவிலியர்களிலும் வீட்டில் அடிவாங்கிவிட்டு வந்து யூனிஃபார்ம் போடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஒவ்வொன்றும் அவர்களுக்கும் பொருந்தும். நைட் டூட்டியில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

நாம் கேட்டும் பல பெண்கள் முதல்முறை இல்லை என்றுதான் சொல்வார்கள். வற்புறுத்த வேண்டாம். “எப்போ வேணும்னாலும் வந்து சொல்லலாம்மா, நான் இங்கேதான் இருப்பேன்” என்று சொல்லி அனுப்புங்கள். இன்றைய டூட்டி முடிவதற்குள் உங்கள் வார்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு பெண்ணோடு இரண்டு நிமிடம் தனியாக நின்று பேச எங்கே இடம் இருக்கிறது? அதைக் கண்டுபிடித்து வையுங்கள். அடுத்து வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வருபவருக்கு அந்த இடம் வேண்டும்.