மூங்கில்: மரத்துக்கும் ஆகும், கறிக்கும் ஆகும்

மூங்கில் நமக்குப் புதிய பொருளா என்ன? கூடை பின்னினோம், கோழிக்கூடு கட்டினோம், அவரைக்குப் பந்தல் போட்டோம். ஆனால் ஆற்றோரம் தானாக நிற்பதை வெட்டத்தான் பழகியிருக்கிறோம். நல்ல இனம் பார்த்து நடப் பழகவில்லை. இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

எந்த இனம்?

1. இராட்சத மூங்கில்: பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் இதைப் பார்த்து வாய் பிளந்திருப்பார்கள். பர்மாப் பக்கத்து இனம். 80 முதல் 100 அடி வரை வளரும். தண்டு 8, 10 அங்குலம் பருக்கும். தூண், ஏணி, தண்ணீர்ப் பீலி எல்லாவற்றுக்கும் உதவும். குருத்தையும் சமைக்கலாம்.

2. இனிப்பு மூங்கில்: தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் குருத்துக்காகவே நடுகிறார்கள். டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர் என்பது இதன் தாவரவியல் பெயர். அடித்தண்டு தடித்த சுவர் உள்ளது. கட்டட வேலைக்கும் நல்லது.

3. சாதாரண மூங்கில்: நம் ஆற்றோரங்களில் நிற்பது. தண்டை வெட்டி நட்டாலே முளைக்கும். ஆனால் சீக்கிரம் உளுத்துப்போகும்.

முதல் இரண்டும் பனி கொட்டும் உயர்ந்த மலைகளில் சரிவராது. மத்திய, தாழ்ந்த மலைத் தோட்டங்களுக்கே பொருந்தும்.

நடுவது எப்படி?

மழை தொடங்கும்போது கிழங்கோடு பிரித்த கன்றை நடுங்கள். ஒரு புதருக்கும் அடுத்ததற்கும் 20 அடியாவது விடுங்கள். லயத்துக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். புதர் பல பத்து வருடம் நிற்கும். ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே நடுங்கள். வளர்த்தது ஒருவர், வெட்டுவது வேறொருவர் என்று ஆகிவிடக்கூடாது.

எப்போது வெட்டுவது?

மூங்கில் தண்டு சில மாதத்திலேயே முழு உயரத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு பருக்காது, முற்றத்தான் செய்யும். மூன்று வருடம் முடிந்த தண்டையே வெட்ட வேண்டும். மடலும் வெள்ளைப் பொடியும் இருந்தால் அது இளசு, தொடாதீர்கள். குருத்து விடும் மழைக்காலத்தில் மரத்துக்காக வெட்ட வேண்டாம். வெட்டியதை ஓடும் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் மாச்சத்து குறையும், வண்டு அவ்வளவாக விழாது.

குருத்து: கவனம்!

பச்சைக் குருத்தில் சயனைட் விஷத்தை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டாகக் கடிக்கவும் விடாதீர்கள். மடலை உரித்து, மெல்லியதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் அரை மணி நேரம் அவியுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு தரம் அவியுங்கள். கசப்புப் போன பிறகு தேங்காய்ப் பால் விட்டுக் கறி வைக்கலாம். எல்லாக் குருத்தையும் ஒடித்துவிடாதீர்கள். பாதியை விட்டால்தான் அடுத்த வருடத்துக்குத் தண்டு கிடைக்கும். சாப்பிட்டவருக்குத் தலைசுற்றல், வாந்தி, மூச்சுமுட்டல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

மண்சரிவைத் தடுக்குமா?

ஓடைக்கரை மண்ணை மூங்கில் வேர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மேல்மண்ணோடு நிற்கும் வேர். மலையே ஆழத்திலிருந்து சரிந்தால் மூங்கில் தாங்காது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களே புதைந்ததை நாம் மறக்கவில்லை. நிலத்தில் வெடிப்பு, சுவரில் புதுப் பிளவு, ஊற்றில் கலங்கல் கண்டால் பிள்ளைகளோடு உடனே இடம் மாறுங்கள். மூங்கில் நட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. இளந்தண்டை எப்படி அடையாளம் காண்பீர்கள்?
2. குருத்து அவித்த முதல் தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும்?
3. நமது தோட்டத்தில் மூங்கில் நட ஏற்ற ஓடைக்கரை எது?

மூன்றாவது கேள்விக்கு விடை எங்களிடம் இல்லை. அது உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. நாலு வீட்டார் கூடிப் பேசுங்கள். வருகிற மழைக்கு ஒரு புதராவது நடுவோம்.