முதல் ஆசிய நாயகி யார்?

கேள்வி: சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் போட்டிக்குத் தேர்வான முதல் ஆசியர் நம் ஈப்போ மிஷெல் இயோதானா?
– வாசகி ஒருவர், ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: 2023இல் மிஷெல் விருதையே வென்றார். ஆனால் போட்டிக்குத் தேர்வானதில் அவரை 87 ஆண்டுகள் முந்திக்கொண்டவர், பிரிட்டிஷ் நடிகை மெர்ல் ஓபரான். 1911இல் பம்பாயில் பிறந்தவர். தாயாக இருந்து வளர்த்த சார்லட் செல்பி, இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண். உண்மையில் அவர் மெர்லுக்குப் பாட்டி. சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ்தான் பெற்ற தாய்.

கல்கத்தாவில் வளர்ந்து லண்டன் போன மெர்ல், 1933இல் எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய படத்தில் ஆன் போலினாக நடித்துக் கவனம் பெற்றார். ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது.

வெள்ளையரும் மற்ற இனத்தவரும் காதலிப்பதைத் திரையில் காட்டவே ஹாலிவுட் விதிகள் தடைபோட்ட காலம் அது. கலப்பினத்தவர் என்று தெரிந்தால் நாயகி வாய்ப்பு போய்விடும். அதனால், டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்றே கதை கட்டினார்கள். 1979இல் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த வாழ்க்கை வரலாறுதான் அந்தக் கதையை உடைத்தது.

ஆக, முதலில் தேர்வானவர் மெர்ல். ‘நான் ஆசியப் பெண்’ என்று சொல்லிக்கொண்டே அங்கே போக முடிந்த முதல் ஆள் மிஷெல்.