ஓதற்பிரிவும் இணையவழிப் பரிமாற்றமும்

பொருள்வயிற் பிரிதலைப் பற்றி நம் மாணாக்கர் நிறையப் படிக்கின்றனர். கல்வியின்பொருட்டுப் பிரிதலைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை. ஆயினும் தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களைக் கூறத் தொடங்குமிடத்து ஓதலையே முதற்கண் வைத்தார். பகையும் தூதும் அதன் பின்னரே நிற்கின்றன. அப்பிரிவுக்குக் கால எல்லையும் உண்டு: அது மூன்று யாண்டினைக் கடத்தலாகாது. இக்காலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதற்பட்டத்துக்கு மூன்று ஆண்டு என்றிருப்பதை வகுப்பில் எடுத்துச் சொல்லும்போது மாணாக்கர் நகைப்பதுண்டு. இரண்டுக்கும் தொடர்பு யாதும் இல்லை. எனினும், பிள்ளையைப் பிரிந்து வீட்டார் எத்துணைக் காலம் பொறுத்திருப்பர் என்பதை இரு சாராரும் ஏறக்குறைய ஒத்தே கணித்திருக்கின்றனர் என்று கொள்வதில் தவறில்லை.

இனி, பிரியாமலே ஓதுதல் என்றொன்று வந்துளது. அஃதாவது, ஒரு மாணாக்கன் தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கனாகவே இருந்துகொண்டு, வேற்று நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பாடம் ஒன்றையோ இரண்டையோ இணையவழியாகப் பயின்று, பரீட்சையும் எழுதி, அங்குப் பெற்ற தகுதியைத் தன் பட்டத்திற் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இதனை மெய்நிகர் மாணவர் பரிமாற்றம் என வழங்குவர். இதன் இயல்பும் இதனால் நம்மவர்க்கு வரத்தக்க பயனும் இன்னவென்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

தொலைவிலிருந்து பயிலுதல் நம்மவர்க்குப் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் பெற்ற பட்டயத்தால், வகுப்புக்கு வாராதவரும் அதன் பட்டப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்ற வழி பிறந்தது. 1865இல் மொரிசியசுத் தீவில் அப்பரீட்சை நடந்தது. பிரித்தானியாவுக்கு வெளியே நடந்தவற்றுள் அதுவே முதலாவது. 1878இல் மகளிர்க்கும் அப்பல்கலைக்கழகம் தன் பட்டங்களைத் திறந்துவிட்டது. இலங்கையில் 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் எழும்வரை, இலண்டன் பட்டத்துக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. கல்லூரிக்குச் செல்ல இயலாதோர் அஞ்சல் வழியாகப் பாடம் பெற்றுப் படித்தனர். 1894இல் தொடங்கிய வுல்சி ஹோல் போன்ற அஞ்சற் கல்வி நிலையங்கள் குடியேற்ற நாடுகளெங்கும் பெயர் பெற்றிருந்தன.

இவ்வழியிற் சென்றோருள் விபுலாநந்த அடிகளை நம் மாணாக்கர் சிறப்பாக நினைத்தல் வேண்டும். மயில்வாகனனார் என்ற பிள்ளைப்பெயரோடு விளங்கிய காலத்தில் அவர் பயிற்றப்பட்ட ஆசிரியர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியெய்தினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே இலண்டன் பரீட்சைக்குப் படித்தவர் அவர். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த பெருமகன், கடலுக்கு அப்பாலுள்ள இரு நிலையங்களில் தம் புலமைக்குச் சான்று பெற்றவர் என்பது ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு என்றும் ஊக்கந் தருவது.

அற்றேல் புதிய ஏற்பாட்டில் வேறுபாடு யாதெனின், கூறுதும். இலண்டன் வெளிவாரிப் பரீட்சை அளந்து பார்த்ததேயன்றிக் கற்பிக்கவில்லை. வினாத்தாள் வந்தது, விடைத்தாள் போயிற்று, இடையில் ஆசிரியர் குரல் இல்லை, உடன் பயில்வோர் முகம் இல்லை. ஐயம் எழுந்தால் கடந்த ஆண்டு வினாத்தாளே துணை. இனிப் பெருந்திரள் இணையப் பாடம் என்று ஒன்று உண்டு. 2011இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடம் ஒன்றை உலகத்தார்க்கெல்லாம் திறந்துவிட்டபோது ஏறக்குறைய 1,60,000 பேர் பதிவு செய்தனர். அங்கே குரல் உண்டு. ஆனால் பேசுபவருக்குக் கேட்பவர் யாரென்று தெரியாது. ஒருவன் பாதியில் விட்டுவிட்டாலும் கேட்பாரில்லை. மெய்நிகர் பரிமாற்றத்திலோ மாணாக்கன் ஒரு மெய்யான வகுப்பின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுகின்றான். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். கட்டுரையைத் திருத்தித் தருவார். வாராவிடின் காரணம் வினாவுவார். ஆளறிந்து கற்பித்தலே கற்பித்தல் என்னும் பழைய கொள்கையுடைய எமக்கு இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றவில்லை.

பரிமாற்றம் என்ற சொல்லின் பொருளையும் அறிதல் வேண்டும். 1923இல் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகம் எட்டு மாணாக்கரைப் பிரான்சுக்கு அனுப்பி, அங்குப் படித்ததைத் தன் பட்டத்துக்குக் கணக்கிட்டுக்கொண்டது. ஐரோப்பாவில் 1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது முதலாண்டில் 3,244 மாணாக்கர் நாடு மாறிப் படித்தனர். இத்தகைய திட்டங்களிற் பலவற்றுக்கு அடிப்படை ஒன்றே: மாணாக்கன் கட்டணத்தைத் தன் பல்கலைக்கழகத்துக்கே செலுத்துவான், வரவேற்கும் பல்கலைக்கழகம் அவனிடம் கற்பித்தற் கட்டணம் கேளாது, அதற்கு ஈடாக அதன் மாணாக்கர் இங்கு வருவர். இதுவே பரிமாற்றம். கப்பற்செலவும் விமானச்செலவும் உணவும் உறையுளும் மட்டும் மாணாக்கன் தலைமேல் நின்றன. வறியவன் பரிமாற்றத்துக்குப் போகாமைக்கு அவையே காரணமாயின.

2020இல் பெருந்தொற்று எல்லைகளை அடைத்தது. பிரயாணஞ் செய்ய எவராலும் இயலாதுபோகவே, பிரயாணமின்றிப் பரிமாற்றம் நடத்தினால் என்ன என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1997இல் அமைந்த பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அவ்வாண்டே மெய்நிகர் மாணவர் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகம் அதனை முன்னின்று நடத்தியது. உறுப்புப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தன் பாடங்களிற் சிலவற்றில் சில இடங்களைப் பிறநாட்டு மாணாக்கர்க்கு ஒதுக்கும். மாணாக்கன் தன் பல்கலைக்கழகத்தின் இசைவோடு விண்ணப்பஞ் செய்வான். கற்பித்தற் கட்டணம் வேறாக இல்லை. பாடத்தோடு அமையாது, மாணாக்கர் தத்தம் ஊரையும் உணவையும் மொழியையும் ஒருவர்க்கொருவர் அறிமுகஞ் செய்யும் நிகழ்ச்சிகளும் வைத்தனர்.

இதில் மாணாக்கர் முதலில் இடறுவது காலக்கணக்கிலேயாம். ஹொங்கொங்கில் செவ்வாய்க்கிழமை காலை 10.30க்கு ஒரு வகுப்பு நடக்குமானால், குளிர்காலத்தில் லொஸ் ஏஞ்சலிசில் இருந்து படிப்பவனுக்கு அது திங்கட்கிழமை மாலை 6.30 ஆகும். கோடைகாலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பர். ஹொங்கொங்கில் அவ்வழக்கம் இல்லை. ஆகவே அதே வகுப்பு 7.30க்குப் போய்விடும். செவ்வாய் நள்ளிரவுக்குள் கட்டுரை தருக என்றால் எந்நாட்டுச் செவ்வாய் என்று கேட்டறிதல் வேண்டும். நம் நாட்டிலிருந்து பார்த்தால் யூலை மாதத்தில் வன்கூவரின் பிற்பகல் 3 மணியும் ஓக்லாந்தின் காலை 10 மணியும் நமக்கு ஒரே வேளைதான்: விடியற்புறம் 3.30. நம் பிள்ளைகளுக்கு அவ்வேளையில் எழுந்து படிப்பது புதிதன்று, க.பொ.த. உயர்தரப் பரீட்சை அதற்குப் பழக்கிவிட்டிருக்கிறது.

இரண்டாவது, அலகுக் கணக்கு. ஒரு பாடத்தின் பாரத்தைக் கிரெடிட் என்னும் அலகால் அளப்பர். ஆனால் மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டாற்போல இவ்வலகும் வேறுபடும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரப் படிப்பு, ஓராண்டுக்கு 30. ஐரோப்பிய முறையிலோ ஓராண்டுக்கு 60. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஆகவே ஐரோப்பாவில் 6 கிரெடிட் உள்ள பாடம் இங்கே 3 கிரெடிட்டுக்கே ஒப்பாகும். இதனை அறியாது ஆறும் சேரும் என்று நம்பியிருப்பவன் இறுதியாண்டில் வருந்துவான். அமெரிக்காவிலோ அரையாண்டுப் பருவ முறையும், பத்து வாரக் காலாண்டுப் பருவ முறையும் என இருவகை உண்டு. காலாண்டுக் கிரெடிட் மூன்று, அரையாண்டுக் கிரெடிட் இரண்டுக்குச் சமம். ஆண்டுக்கணக்கும் இவ்வாறே. ஹொங்கொங்கில் கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்க, நியூசிலாந்தில் இரண்டாம் பருவம் யூலையிலேயே தொடங்கிவிடும். ஒரு வகுப்பின் இறுதிப் பரீட்சையும் மற்றொன்றின் முதல் வாரமும் மோதிக்கொள்ளுதல் அரிதன்று.

மூன்றாவது, மொழியும் வகுப்பறைப் பழக்கமும். இதுபற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஏனெனில் இது பள்ளிக்கூடத்தார் கையில் உள்ளது. நம் மாணாக்கர் ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதிப் பழகியவர். கருத்தரங்க வகுப்பில் அது செல்லாது. வகுப்புக்கு முன்னரே இருபது முப்பது பக்கம் படித்துவந்து, ஆசிரியர் கூற்றோடு மாறுபட வேண்டுமிடத்து மாறுபட்டு, அதற்குக் காரணமும் காட்டுதல் வேண்டும். மாறுபடுதல் அவமதிப்பாகாது. நம் உரையாசிரியர்கள் முன்னோர் உரையை மறுக்குமிடத்து எத்துணை வணக்கத்தோடும் உறுதியோடும் மறுத்தனர் என்பதைக் காட்டி, தமிழ்ப் பாடத்திலேயே இப்பழக்கத்தை உண்டாக்கலாம் என்பது எம் கருத்து. ஆங்கிலத்தில் தடுமாறுகின்றானே என்று கவல்வோர், தமிழில் காரணங் காட்டிப் பேசத் தெரிந்தவன் ஆங்கிலத்தில் ஆறு மாதத்திற் பேசிவிடுவான், தமிழிலேயே அது தெரியாதவனுக்கு ஆங்கில இலக்கணம் மட்டும் உதவாது என்பதை எண்ணுதல் வேண்டும். பிறர் வாக்கியத்தை எடுத்தாளும்போது பெயர் சுட்டாமை அங்கே களவாகவே கொள்ளப்படும். கட்டுரைப் புத்தகத்தை மனனஞ் செய்து ஒப்புவிப்பதற்குப் பரிசு கொடுக்கும் நம் வழக்கம் இவ்விடத்தில் பிள்ளைகளுக்குக் கேடாக முடியும்.

இவ்வேற்பாட்டின் குறைகளையும் மறைத்தலாகாது. விடுதியில் பிறநாட்டானோடு ஒரே மேசையிலிருந்து உண்ணும் பழக்கம் திரையினூடாக வாராது. நூலகத்தில் ஒரு நூலைத் தேடப் போய் அருகிலிருந்த வேறொன்றைக் கண்டெடுக்கும் பேறும் இல்லை. இரசாயன ஆய்வுகூடம், வைத்தியசாலைப் பயிற்சி, வெளிக்கள ஆய்வு ஆகியன பெரும்பாலும் இதற்கு அடங்கா. மின்சாரமும் இணைய இணைப்பும் உயிர்நாடி. 2020இல் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பின் துணையால் நம் பல்கலைக்கழகங்கள் இணையவழி விரிவுரைக்கு விரைந்து மாறின. ஆயின் 2022 மார்ச்சு மாத இறுதியில் ஒருநாளில் 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்டில் இருந்துகொண்டு, நேரந் தவறாத வகுப்புக்கு ஒப்புக்கொள்ளுதல் எளிதன்று.

குறை இத்துணை இருப்பவும், இதனை நாம் விரும்பி வரவேற்பது வேறொரு காரணம்பற்றி. கடல்வழிச் செலவு மகளிரோடு கூடியதன்று எனத் தொல்காப்பியம் கூறும். அவ்விதி இலக்கண நூலோடு நின்றதா? இல்லை. பட்டப்படிப்பில் முதன்மையாகத் தேறிய பெண்பிள்ளைகள், புலமைப்பரிசில் கிடைத்தும், தனியே அனுப்ப வீட்டார் இசையாமையால் நின்றுவிட்டதை நாம் அறிவோம். நோயுற்ற தாயைப் பார்க்க வேறு ஆளில்லாமையால் நின்றவர் உளர். நடக்க இயலாமையால் நின்றவர் உளர். வங்கிக் கணக்கிற் போதிய பணம் காட்ட முடியாது வீசா மறுக்கப்பட்டவர் பலர். இவர்களுக்குப் பிரயாணத்தோடு கூடிய பரிமாற்றமா, திரையோடு கூடிய பரிமாற்றமா என்பது வினாவன்று. திரையா, ஒன்றுமில்லையா என்பதே வினா.

பசிபிக் கரைச் சங்கத்தில் நாம் சேரோம். நம் தீவு வேறு சமுத்திரத்தில் இருக்கிறது. ஆயின் அச்சங்கத்தைச் சேர்ந்த வன்கூவர், சிட்னி, ஓக்லாந்து, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய நகர்களில் நம் பழைய மாணவரின் பிள்ளைகளும் பேரரும் படிக்கின்றனர். கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத்துறைக்கு 1961 முதல் தலைவராயிருந்தவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயக அடிகள் என்பதை ஈண்டு நினைவூட்டுகின்றோம்; அக்காலத்தில் இங்கிருந்து ஆள் போகவேண்டியிருந்தது. இன்றோ சங்கத்தின் உறுப்புரிமைகூட வேண்டியதில்லை. இரு நாட்டு ஆசிரியர் இருவர் உடன்பட்டு, தத்தம் வகுப்புகளைச் சில வாரம் ஒன்றாக இணைத்து நடத்தும் முறை ஒன்றுண்டு. நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் அதற்கென ஒரு நிலையமே அமைத்தது. பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளராக இருக்கும் நம் பழைய மாணவர் ஒவ்வொருவரும், நம் நாட்டுப் பல்கலைக்கழகத் துறையொன்றுக்குக் கடிதம் எழுதி, தம் வகுப்பில் ஆறு வாரத்துக்கு ஐந்து இடம் தரலாமா என்று கேட்பாராயின், கட்டட நிதிக்குத் தரும் நன்கொடையினும் அது பெரிதாகும் என எமக்குத் தோன்றுகிறது. கட்டட நிதிக் குழுவினர் எம்மைப் பொறுத்தருள்க.

இவ்வழியிற் செல்ல எண்ணும் மாணாக்கர், விண்ணப்பத்துக்கு முன்னரே பாடத்திட்டத்தை முழுமையாகப் பெற்று, தம் துறைத்தலைவரிடம் காட்டி, இத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். வாய்ச்சொல் போதாது, துறைத்தலைவர் மாறுவர். பாடத்திலிருந்து விலகுவதற்குரிய இறுதி நாளையும், நேர்வகுப்புகள் பதிவு செய்யப்பட்டுப் பின்னர்ப் பார்க்கக் கிடைக்குமா என்பதையும், மின்சாரம் நின்று பரீட்சை தடைப்பட்டால் மறுபரீட்சை உண்டா என்பதையும் முதல் வாரத்திலேயே மின்னஞ்சல் வழியாக ஆசிரியரிடம் கேட்டு, வந்த விடையைப் பேணி வைத்துக்கொள்க. பாடம் முடிந்தபின் வரவேற்ற பல்கலைக்கழகத்தின் புள்ளிப்பத்திரம் வந்துசேரச் சில வாரம் ஆகலாம். பட்டமளிப்புக்கு முந்திய பருவத்தில் இத்தகைய பாடம் எடுப்பதைத் தவிர்த்து, இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டின் முற்பருவத்திலோ எடுத்துக்கொள்வது நன்று.