தொலைவிலிருந்து கணினியைச் சீர்செய்தல்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் அலுவலகம் தொடங்கியது. அந்நிறுவனத்தின் 'ஸோஹோ அசிஸ்ட்' போன்ற மென்பொருள்களைக் கொண்டு, குற்றாலத்து நண்பரின் கணினியைத் தென்காசியில் இருந்தவாறே ஒருவர் சீர்செய்து கொடுக்கலாம். நண்பர் ஓர் எண்ணைப் பதிந்து, இசைவும் அளித்த பின்னரே அவரது திரை இவருக்குப் புலப்படும். இணைய இணைப்பு அறுந்தாலோ, கணினியே இயங்காவிடினோ நேரில்தான் செல்லல் வேண்டும். (சாரல் காலத்தில் குற்றாலம் செல்ல எவரும் தயங்கார் என்பது வேறு விஷயம்.)

இசைவளிப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதை ஒக்கும். 'எனிடெஸ்க்' செயலியை நிறுவச் செய்து பணம் கவரும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. ஆகவே, ஊராட்சி அலுவலகக் கணினியில், தாமே வலிய அழைப்பவருக்கு இசைவளித்தல் கூடாது. நாம் நன்கறிந்து அழைத்தவருக்கே அளிக்கலாம். அவர் பணி முடிக்கும்வரை திரையருகே இருந்து, முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுக. பணம் பறிபோயின் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவும்.