செம்மறியாடுகளில் கனியுப்பு, சுவட்டு மூலக நிலையை மதிப்பிடுதல்

விவசாயமும் உணவுத் தொழினுட்பமும்



"கனியுப்புக் குறைபாட்டின் அறிகுறிகள் யாவை?" என்று கேட்டால் மனனம் செய்ததை எழுதிவிடுவீர்கள். "அக்குறைபாடு உண்டென எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?" என்று கேட்டால்தான் பேனா நின்றுவிடுகிறது. இப்பாடம் அந்த இரண்டாவது வினாவுக்கானது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த உங்களில் பலர் செம்மறி மந்தையை நேரில் கண்டிருக்கமாட்டீர்கள். ஆகவே ஒவ்வொரு படியாக விளங்கிக்கொள்வோம்.

1. அடிப்படை

விலங்குக்குக் கூடிய அளவில் தேவைப்படுபவை மாமூலகங்கள். கல்சியம், பொசுபரசு, மகனீசியம், சோடியம் என்பன இதற்கு உதாரணங்கள். மிகச் சிறிய அளவில் தேவைப்படுபவை சுவட்டு மூலகங்கள். செப்பு, கோபாற்று, செலேனியம், அயடீன், நாகம், இரும்பு, மங்கனீசு என்பன இவற்றுள் அடங்கும். அளவு சிறிதெனினும் இவையின்றி நொதியங்களும் ஓமோன்களும் தொழிற்படமாட்டா.

2. அறிகுறி மட்டும் ஏன் போதாது?

மெலிவு, வளர்ச்சி குன்றுதல், கம்பளி உதிர்தல், குருதிச்சோகை ஆகியவை பல குறைபாடுகளுக்கும் பொதுவானவை. குடற்புழுத் தொற்றிலும் இவை தோன்றும். இதற்கு வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

மேற்கு அவுஸ்திரேலியாவில் டென்மார்க் என்று ஓர் ஊர் உண்டு. ஐரோப்பிய நாடாகிய டென்மார்க் என மயங்க வேண்டாம். அங்கு நல்ல புல் இருந்தும் ஆடுகளும் மாடுகளும் மெலிந்து, குருதிச்சோகை கண்டு இறந்தன. குருதிச்சோகை என்பதால் இரும்புக் குறைபாடு எனக் கருதினர். லிமொனைட்டு எனும் இரும்புத்தாதைக் கொடுத்தபோது விலங்குகள் தேறின. ஆனால் நோயுற்ற விலங்குகளின் ஈரலைச் சோதித்தபோது அதில் இரும்பு நிறைய இருந்தது! அண்டர்வூட், பில்மர் ஆகிய ஆய்வாளர்கள் தாதிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு மீதியைக் கொடுத்துப் பார்த்தனர். அப்போதும் விலங்குகள் குணமடைந்தன. குணமாக்கியது தாதில் சிறிதளவு கலந்திருந்த கோபாற்று என 1935 இல் தெரியவந்தது. தெற்கு அவுஸ்திரேலியாவில் மார்ஸ்டன், லைன்ஸ் ஆகியோரும் அக்காலத்திலேயே இம்முடிவுக்கு வந்தனர்.

காரணம் பின்னரே விளங்கியது. உரூமன் எனப்படும் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகள் கோபாற்றைக் கொண்டு விற்றமின் பி12 ஐத் தொகுக்கின்றன. 1948 இல் இவ்விற்றமின் பிரித்தெடுக்கப்பட்டபோது அதில் கோபாற்று இருப்பது கண்டறியப்பட்டது.

இதிலிருந்து அறிய வேண்டியது: அறிகுறி ஐயத்தை எழுப்பும், பரிசோதனையே அதை உறுதிப்படுத்தும்.

3. எந்த மூலகத்துக்கு எந்த மாதிரி?

கோபாற்று: குருதியிலும் ஈரலிலும் விற்றமின் பி12 இன் அளவு பார்க்கப்படும். குறைபாட்டின்போது குருதியில் மெதைல்மலோனிக் அமிலம் உயரும்.

செலேனியம்: குறைந்தால் குட்டிகளில் வெண்தசை நோய் ஏற்படும். குருதியில் செலேனியத்தை அளக்கலாம்; அல்லது செங்குழியங்களிலுள்ள குளுட்டதயோன் பெரொக்சிடேசு நொதியத்தை அளக்கலாம். இந்நொதியம் செங்குழியம் உருவாகும்போதே அதனுள் சேர்வதால், இன்றைய நிலையை அன்றிக் கடந்த சில மாதங்களின் நிலையைக் காட்டும்.

அயடீன்: குறைந்தால் கண்டக்கழலை தோன்றும்; குட்டிகள் பலவீனமாகவோ இறந்தோ பிறக்கும். தைரொயிட்டு ஓமோனை அளக்கலாம். இறந்து பிறந்த குட்டியாயின் தைரொயிட்டுச் சுரப்பியின் நிறையை உடல் நிறையுடன் ஒப்பிடலாம். (மனிதரில் இக்குறைபாட்டைத் தடுக்க இலங்கையில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டதையும் நினைவிற் கொள்க.)

செப்பு: ஈரலே சிறந்த மாதிரி. காரணத்தை அடுத்த பகுதியில் காண்க.

4. செப்பு: குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து

சினையாட்டுக்குச் செப்புப் போதாவிடின் குட்டியின் நரம்புத் தொகுதி பாதிக்கப்பட்டு, பின்னங்கால்கள் தள்ளாடும். இதனை மேற்கு அவுஸ்திரேலியாவில் பென்னற்ஸ் 1937 இல் செப்புடன் தொடர்புபடுத்தினார். புல்லில் செப்பு இருந்தாலும், மொலிப்டினமும் கந்தகமும் மிகுந்திருந்தால் அவை உரூமனில் செப்பைப் பிணைத்து அகத்துறிஞ்சலைத் தடுக்கும்.

செப்பு ஈரலில் சேமிக்கப்படுகிறது. சேமிப்புத் தீரும்வரை குருதியில் அளவு சாதாரணமாகவே இருக்கும். வங்கிக் கணக்கு வற்றிக்கொண்டிருக்கையில் சட்டைப்பையில் காசு இருப்பதைப் போன்றது இது. தொற்றுநோய் இருந்தாலும் குருதியில் செப்பு உயர்ந்து காட்டும்.

மறுபுறம், பண்ணை விலங்குகளுள் செப்பு நஞ்சாதலுக்கு மிக எளிதில் உட்படுவது செம்மறியே. ஒரு கிலோகிராம் தீவனத்தில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் செப்பே அதற்குப் போதும். ஐரோப்பிய ஒன்றியம் விதித்த உச்ச எல்லை 15 மில்லிகிராம் ஆகும். பன்றி, கோழித் தீவனங்களில் இதைவிடக் கூடிய செப்பு இருக்கலாம். அவற்றைச் செம்மறிக்குக் கொடுத்தால் செப்பு ஈரலில் பல வாரங்கள் சத்தமின்றிச் சேர்ந்து, ஒருநாள் திடீரெனக் குருதியில் கலக்கும். செங்குழியங்கள் உடையும், செங்கண்மாரி தோன்றும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஆடு ஓரிரு நாளில் இறக்கலாம். ஆகவே சோதிக்காமல் செப்புக் கொடுப்பது மருந்தன்று, நஞ்சு.

5. மதிப்பிடும் படிமுறை

(அ) மந்தையின் வரலாறு, தீவனம், வயது, அறிகுறிகளைப் பதிவுசெய்தல். புழுத்தொற்று உண்டா எனச் சாணத்தைச் சோதித்தல்.
(ஆ) மண், புல் மாதிரி எடுத்தல். புல்லில் மண் ஒட்டியிருந்தால் இரும்பு, கோபாற்று ஆகியவற்றின் அளவு பொய்யாக உயரும்.
(இ) ஓர் ஆட்டில் மட்டுமன்றி, பொதுவாக 7 முதல் 10 ஆடுகளில் குருதி எடுத்தல். நாகத்தை அளப்பதாயின் இறப்பர் மூடியுள்ள குழாயைத் தவிர்த்தல். இறப்பரிலிருந்து நாகம் கலக்கும்.
(ஈ) அறுக்கப்பட்ட அல்லது இறந்த ஆடுகளின் ஈரலைச் சோதித்தல்.
(உ) ஒரே வயதும் நிறையும் உடைய ஆடுகளை இரு குழுக்களாக்கி, ஒன்றுக்கு மட்டும் மூலகத்தைக் கொடுத்து, சில வாரங்களின் பின் நிறையை ஒப்பிடுதல். கொடுக்கப்படாத குழுவே கட்டுப்பாட்டுக் குழு.

6. நம் நாட்டில்

யாழ்ப்பாணச் செம்மறி நமது உள்ளூர் இனமாகும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் தாவரம் கோபாற்றை உறிஞ்சுவது குறையும். ஆனால் இதை வைத்து, "அங்குள்ள ஆடுகளுக்குக் கோபாற்றுக் குறைபாடு உண்டு" என எழுதினால் அது பிழை. மண் தருவது ஐயம் மாத்திரமே. கால்நடை வைத்தியர் மாதிரிகளை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய பின்னரே முடிவு கூறலாம்.

7. மாதிரி வினா

வினா: செம்மறி மந்தையொன்றில் குருதிச் செப்பு சாதாரணம். "குறைபாடு இல்லை" என உரிமையாளர் கூறுகிறார். நீர் உடன்படுவீரா?

விடை: உடன்படமாட்டேன். செப்பு ஈரலில் சேமிக்கப்படுவதால், சேமிப்புக் குறைந்துகொண்டு போகும்போதும் குருதியில் அளவு மாறாதிருக்கும். எனவே ஈரல் மாதிரியையும் சோதித்தல் வேண்டும். முடிவு தெரியும்வரை செப்பு மேலதிகமாகக் கொடுத்தலாகாது.

நினைவிற் கொள்க: விடையில் மூலகம், மாதிரி, காரணம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். காரணத்தை எழுதாத விடை அரைகுறை விடையே.